வரிதான் காரணம் என்றேன்

அயிரை மீன் குழம்பை அந்த அம்மாள் கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்ததும் எங்களுக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

சென்னையிலிருந்து வருகிறவர், பெரிய கம்பெனியில் பெரிய பதவி. ஸ்பூன் கேட்பாரா, மீன் சாப்பிடுவாரா மாட்டாரா என்று முதல் நாள் முழுக்க விவாதம் நடந்திருந்தது. ஒரு டஜன் ஸ்பூன் வாங்கிக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. சுகன்யா என்று பெயர். நாற்பது வயதுக்குள் இருக்கும். முள்ளோடு அப்படியே சாப்பிடலாமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

விருந்து நடந்தது வியாபாரிகள் கூடும் ஹாலில். அது போடியில் ஓர் ஏலக்காய்க் குடோனின் மாடியில் இருக்கிறது. கீழே பெண்கள் காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சல்லடை உலுக்கும் சத்தம் மாடி வரை கேட்கும். வாசனையைப் பற்றி நான் சொல்லத் தகுதியில்லாதவன். உள்ளூர்க்காரர்கள் மூக்குக்கு அது எட்டுவதில்லை. வெளியூர்க்காரர் யாராவது மூச்சை இழுத்து "ஆஹா" என்னும்போதுதான் எங்களுக்கே ஞாபகம் வரும்.

அன்று மேசையில் அவரைத் தவிர ஒன்பது பேர் இருந்தோம். எட்டுப் பேர் ஏலக்காய் வியாபாரிகள். ஒன்பதாவது ஆள் நான். அவர்களுக்கெல்லாம் வரி சம்பந்தமான வேலைகளைப் பார்க்கிறவன்.

பாயசம் வந்தபோது சுகன்யா மேடம் கேட்டார்.

"உங்க பிள்ளைங்க எல்லாம் எங்க படிக்கிறாங்க?"

சாப்பாட்டு நேரத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். நான் முந்திக்கொண்டேன்.

"என் பையன் ஏற்காட்டுல படிச்சான் மேடம். ஆறாவதுலயே கொண்டுபோய் விட்டுட்டோம்."

இந்த இடத்தில் எங்கள் ஊரின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏலத்தை ஏலம் விட்டுப் பிழைக்கிற ஊர் இது. இப்போது கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டுகிறார்கள். முன்பெல்லாம் வாயால்தான் கேட்பார்கள். ஒருவர் ஒரு விலை சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குச் சும்மா இருக்க வராது. காய் வேண்டுமோ வேண்டாமோ, மேலே கொஞ்சம் கூட்டிக் கேட்டால்தான் அவர் தொண்டை அடங்கும்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் ராஜாமணி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நம்ம வீட்ல ரெண்டும் ஊட்டி மேடம். நாலாவதுலயே."

"எங்க பாப்பா கோயமுத்தூரு. ரெண்டாங்கிளாஸ்ல விட்டோம்."

"நாங்க ஒண்ணாங்கிளாஸ்."

மேசையின் மறுகோடியில் இருந்தவர், எல்லோரும் முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னார். "நாங்க யூகேஜியில இருந்தே வெளியிலதான் மேடம். மதுரையில வீடெடுத்து வீட்டம்மாவ அங்கயே குடி வச்சுட்டேன். வாரத்துக்கு ஒருக்கா நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அதற்கு மேல் கேட்க ஆளில்லை. எல்லோரும் சிரித்தோம். சுகன்யா மேடமும் சிரித்தார். பாயசத்தை அவர் பாதியிலேயே வைத்துவிட்டதைக் கவனித்தேன். சர்க்கரை கூடிவிட்டதோ என்று சமையல்காரர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள்

மேடம் வந்தது விருந்துக்கு அல்ல. அவருடைய கம்பெனி, மசாலாப் பொருள்களிலிருந்து எண்ணெய் எடுத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. புதிதாக ஒரு தொழிற்சாலையும் அதோடு ஒரு பரிசோதனைக்கூடமும் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று, போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் ஒரு நிலம். மற்றது, வேறொரு மாநிலத்தில் ஒரு நகரத்தின் ஓரம். இரண்டில் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் சுகன்யா மேடம்.

ஜிஎஸ்டி வந்த பிறகு நாடு முழுக்க ஒரே வரிதானே, மாநிலங்களுக்குள் என்ன போட்டி என்று சிலர் கேட்பார்கள். வரி ஒன்றுதான். ஆனால் தன் பங்குக்கு வந்த வரியில் எவ்வளவைக் கம்பெனிக்குத் திருப்பித் தருவது, பத்திரப் பதிவில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது, கரண்டுக்கு வரி போடுவதா வேண்டாமா, இதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் கையில் இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரர்கள் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. எல்லார் வீட்டிலும் பஜ்ஜி சாப்பிடுவார்கள். என்ன போடுவீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பார்கள்.

எங்கள் பக்கம் என்ன போடுவோம் என்ற ஃபைலைத் தயாரித்தது நான். இரண்டு மாநிலத்துச் சலுகைகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஓர் அட்டவணை போட்டிருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைப்பட இந்தக் கட்டுரையில் எனக்கு ஒன்றும் இல்லை. அந்த அட்டவணையில் நாங்கள்தான் மேலே இருந்தோம். இந்தியாவில் வேறு எங்கே போனாலும் அவர்களுக்கு இதைவிட லாபமில்லை என்று எனக்குத் தெரியும்.

மற்றவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தோம். தண்ணீருக்குப் பதில் இருந்தது. மதுரைக்கு ரயில் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டதைச் சொன்னோம். நிலத்தைப் பார்க்கப் போகும் வழியில், "இந்தப் பக்கம் யானை வருமாமே?" என்று மேடம் கேட்டார். அதற்கும் ராஜாமணி அண்ணன் பதில் வைத்திருந்தார். "அது அங்கிட்டு, தேவாரத்துக்கு மேல மேடம். இங்கன வராது. வந்தாலும் கம்பெனிக்குள்ள அதுக்கு என்ன சோலி?"

யானைக்கே பதில் வைத்திருந்த எங்களிடம் பள்ளிக்கூடத்துக்குப் பதில் இல்லை. அதை யாரும் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை.

மெட்டுக்குப் போன காலம்

போடிமெட்டு செக்போஸ்ட்டில் ஏலக்காய் லோடுகள் நின்று கிடந்ததைப் பற்றிப் போன வாரக் கட்டுரையில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பழைய டிரைவர் ஒருவர் போன் செய்தார். "எல்லாத்தையும் எழுதுனீக, நீங்க அங்க வந்து பேப்பரக் காமிச்சு வண்டிய எடுத்து விடுறத எழுதலையே" என்றார்.

எழுதாததற்குக் காரணம் உண்டு. அது என் வாழ்க்கையில் நான் மிகவும் பெரிய ஆளாக இருந்த காலம். தோட்டம் மலையில், அது கேரளம். வியாபாரம் அடிவாரத்தில், அது தமிழ்நாடு. நடுவே ஒரு தடுப்புக் கட்டை. அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி. இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில்தான் என் பிழைப்பு நடந்தது.

விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வர, மடியில் காகிதக்கட்டோடு மேலே போவேன். குளிரில் மஃப்ளர் சுற்றிய அதிகாரி, "பேப்பர் எவிடெ?" என்பார். நான் எடுத்து நீட்டுவேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். கட்டை மேலே எழும்பும். டிரைவர்கள் என்னைக் கும்பிடுவார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டார்.

ஜிஎஸ்டி வந்தது. கட்டை போயிற்று. எனக்கு வேலை இல்லாமல் போகவில்லை, ஆனால் என்னைக் கும்பிட ஆளில்லாமல் போயிற்று. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டு மறந்துவிட்டதே என்று முழிக்கிற ஓர் ஆளாக ஆனேன். அந்த நேரத்தில்தான் கம்பெனி ஃபைல் வந்தது. அதைக் கொண்டுவந்து ஊரில் இறக்கிவிட்டால் மறுபடியும் ஒரு பெரிய ஆளாகிவிடலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அது இரண்டாவதாகத்தான் இருந்தது.

'வெளியில' என்ற சொல்

எங்கள் ஊரில் வியாபாரக் குடும்பங்களுக்குள் 'வெளியில' என்று ஒரு சொல் உண்டு. பையன் என்ன பண்றான் என்று கேட்டால், "வெளியில படிக்கிறான்" என்பார்கள். எந்த ஊர், என்ன பள்ளி என்பதெல்லாம் அப்புறம். வெளியில என்று சொன்னாலே போதும், கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். உள்ளூரில் படிக்க வைப்பவர், "இந்த ஒரு வருசம் மட்டும் இங்க" என்று சேர்த்துச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

என் மகனை ஏற்காட்டில் விட்டதும் இந்தச் சொல்லுக்காகத்தான். இங்கே உள்ள பள்ளிகளைப் பார்த்து, சரியில்லை என்று முடிவு செய்து அனுப்பவில்லை. ராஜாமணி அண்ணன் வீட்டில் அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன். தகரப் பெட்டியில் அவன் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியது நான்தான். எழுத்து கொஞ்சம் வழிந்துவிட்டது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். என் மனைவி அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. அவளுக்கு மனசில்லை. நான் கேட்கவுமில்லை.

இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான். ஒரு தடவை, "கடைத்தெருப் பக்கம் போய் உன் கூட்டாளிகளப் பாத்துட்டு வாயேன்டா" என்றேன். "எனக்கு இங்க யாரையும் தெரியாதேப்பா" என்றான். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னான்.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். நாங்கள் கட்டும் சொத்து வரியில் கல்விக்கென்று ஒரு பங்கு உண்டு. குடோன்களுக்குப் போட்ட சொத்து வரி அதிகம், குறைக்க வேண்டும் என்று வருடா வருடம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். நன்றாக எழுதுவேன். பல தடவை குறைத்தும் இருக்கிறார்கள். அப்படிக் குறைந்தபோது எந்தப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் போக வேண்டியது குறைந்தது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். வரியைக் குறை என்பார்கள். நல்ல பள்ளிக்கூடம் எங்கே என்பார்கள். அவர்களைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

கைப்பைக்குள் இருந்த உறை

பாண்டியம்மாவைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ஹாலுக்குக் கீழே அந்தக் குடோனில்தான் அவள் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் காய்ச்சலில் போன பிறகு அந்த வேலையில்தான் இரண்டு பெண்களை வளர்த்தாள். மூத்தவள் காவேரி. ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்து, மதுரையில் கெமிஸ்ட்ரி முடித்து, சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். எட்டுப் பேர் தங்கும் அறை ஒன்றில் இருந்தாள். ஊருக்கு வருவது பொங்கலுக்கு மட்டும்தான்.

கம்பெனி வரப்போகிறது என்ற செய்தி கேட்டதும் பாண்டியம்மா படியேறி, மாடியில் ஹாலை ஒட்டியிருந்த என் அலுவலக அறைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தக் கம்பெனியில பரிசோதனை பண்ற எடம் ஒண்ணு வருதாமே?"

"ஆமா."

"நம்ம காவேரி அந்தச் சோலிதான பாக்குறா. அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. புள்ள வீட்டுச் சோறு தின்னு எத்தன வருசமாச்சு. நானும் சின்னவளும் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்னு கெடக்கோம்."

காவேரியின் படிப்பு விவரமும் சான்றிதழ் நகல்களும் போட்ட ஒரு காக்கி உறையைக் கொடுத்தாள். அவள் விரல்களில் இருந்த பச்சைத் தூசி உறையின் மேலே ஒட்டியிருந்தது. விருந்தன்று அது என் கைப்பைக்குள் இருந்தது. காவேரிகூட அன்று லீவு போட்டு வந்து கீழே குடோனில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் அரை நிமிடத்தில் மேலே வந்து நின்றிருப்பாள்.

நான் உறையை வெளியே எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய அதிகாரியிடம், காய் பொறுக்குகிறவள் மகளுக்கு வேலை கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கூச்சமாக இருந்தது. முதலில் கம்பெனி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

போனில் வந்த பதில்

மூன்று வாரம் கழித்து சுகன்யா மேடமே போன் செய்தார். அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மரியாதை தெரிந்தவர்.

"உங்க ஃபைல் மாதிரி ஒரு ஃபைல நான் பார்த்ததில்ல சார். வரி விஷயத்துல உங்க ஊருதான் எங்களுக்கு லாபம். அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம் என்ன மேடம்?"

"எங்க ஆளுங்க குடும்பத்தோட வரணும் சார். எனக்கே ரெண்டு குழந்தைங்க. ஊர்ல பெரியவங்க ஒன்பது பேர் இருந்தீங்க. ஒருத்தர்கூட உங்க பிள்ளைய அங்க படிக்க வைக்கல. அப்புறம் எங்க ஆளுங்கள நான் எப்படி வரச் சொல்றது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலப் பள்ளி இருக்கிறது, புதிதாக ஒன்று வரப்போகிறது, பஸ்சு விடுகிறார்கள் என்றெல்லாம் உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரே ஒருத்தர், 'என் பொண்ணு இங்கதான் படிச்சா'ன்னு சொல்லியிருந்தாகூட எனக்குப் போதும் சார். அத வச்சு நான் பேசியிருப்பேன்" என்றார்.

கம்பெனி அந்த வேறு மாநிலத்துக்குப் போயிற்று. அங்கே வரிச் சலுகை எங்களைவிடக் குறைவு. அட்டவணை போட்டவன் நான், எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ராஜாமணி அண்ணனும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். "என்னாச்சு?" என்றார்கள்.

"வரிதான்" என்றேன். "அங்க நம்மளவிடக் கூடக் கொடுக்கிறான். நம்ம அரசாங்கம் எறங்கி வரமாட்டேங்குது."

யாரும் சந்தேகப்படவில்லை. வரியைப் பற்றி நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். கீழே குடோனில் பாண்டியம்மா கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். "வரியாம்ல" என்று அவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது கேள்வி

விருந்தில் நடந்ததை நான் முழுக்க எழுதவில்லை. எழுதாமலே முடித்துவிடலாம் என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சுகன்யா மேடம் இன்னொன்று கேட்டார்.

"அப்ப இங்க இருக்கிற ஸ்கூல்ல யாருதான் படிக்கிறாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இப்போது யோசித்தால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். யாராவது உள்ளே வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று பார்த்திருக்கிறார். அந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டவன் நான்தான்.

"அதெல்லாம் கூலி வேல பாக்குறவங்க பிள்ளைங்க படிக்குது மேடம்."

இதைச் சொன்னபோது காவேரியின் உறை என் காலடியில் பைக்குள் இருந்தது. சல்லடைச் சத்தம் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்துக்கு எந்தப் படிப்பு வேண்டுமோ அந்தப் படிப்பைப் படித்த பெண் மாடிப்படிக்குக் கீழே இருந்தாள். நான் சொன்னது பொய்யில்லை. சொன்ன தொனிதான் கேவலம். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த வருடம் காவேரியிடமிருந்து போன் வந்தது. அதே கம்பெனிக்கு அவளே விண்ணப்பம் போட்டு, அந்தப் புதிய தொழிற்சாலையில் வேலை வாங்கிவிட்டாள். எனக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தாள்.

"நீங்க அம்மாகிட்ட கம்பெனி பேரச் சொன்னதாலதான் சார் எனக்குத் தெரிஞ்சுச்சு."

"நல்லா இரும்மா."

"இன்டர்வியூல ஒரு மேடம் இருந்தாங்க சார். போடின்னு பாத்ததும், அங்க நல்ல ஸ்கூல் இல்லன்னாங்களேன்னு கேட்டாங்க. நான் பன்னெண்டு வருசமும் அங்கதான் மேடம் படிச்சேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் என் பேப்பரையே பாத்துக்கிட்டிருந்தாங்க." பிறகு அவளே கேட்டாள். "யாரு சார் அவங்ககிட்ட அப்படிச் சொல்லியிருப்பா?"

"சரியாக் கேக்கலம்மா, டவர் கெடைக்கல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னலில் நான்கு கோடும் முழுசாக இருந்தது.

டிசிக்கு ஒரு கடிதம்

முழுப் பரீட்சை முடிந்த சமயம், போன மாதம்தான், பாண்டியம்மா மறுபடியும் படியேறி வந்தாள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஏலக்காய்த் தூசி அவள் நெஞ்சில் சேர்ந்து, இருமல் விடுவதில்லை.

"அண்ணே, வெரசா ஒரு லெட்டர் எழுதித் தாங்க. சின்னவளுக்கு டிசி வாங்கணும்."

"எங்க போறீங்க?"

"பெரியவ வீடெடுத்துட்டா. வந்துரும்மான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. குடோன்ல சோலிய நேத்தோட விட்டுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மனசே இல்லண்ணே. அந்த ஊரு பாஷை எனக்கு வராது. கடையில போயி உப்பு கேக்கத் தெரியாது. சின்னவ ரெண்டு நாளா ஒரே அழுக, கூட்டாளிகள விட்டு வரமாட்டேங்குறா. அந்தக் கம்பெனி இங்கன வந்திருந்தா, நாங்க எதுக்குண்ணே போறோம்?"

நான் காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு. தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம் என்று எழுதி நிறுத்தினேன்.

"காரணம் என்ன போட?"

"அதான் நீங்களே சொன்னீகளேண்ணே. வரியால கம்பெனி வரல, அதனால நாங்க போறோம். அப்படியே எழுதுங்க." தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

"வரியால இல்ல பாண்டியம்மா."

"வேற?"

சொன்னேன். விருந்து, அந்த அம்மாள் கேட்டது, நான் முந்திக்கொண்டு சொன்னது, ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏற்றிச் சொன்னது, எங்கள் பிள்ளைகளே இங்கே படிக்கவில்லை என்பதால் அவர்கள் வராமல் போனது. உறையை வெளியே எடுக்காததையும் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசைமேல் கிடந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் எழுத வேண்டிய வரி காலியாக இருந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

பாண்டியம்மா திட்டவில்லை. கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிற குரலில் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. ரெண்டு புள்ளைகளையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினேன். பெரிய மனுசங்க யாரும் அனுப்புறதில்லையே, நம்ம புள்ளைகளக் கெடுக்குறோமோன்னு எனக்கு எப்பவும் ஒரு பயம். நீங்க படிச்சவுக. அந்த அம்மாகிட்ட அப்படிச் சொன்னீகன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க என்னண்ணே கொறை?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வகுப்பறையாவது, ஒரு ஆசிரியராவது, ஒரு கரும்பலகையாவது ஞாபகத்துக்கு வருகிறதா என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை.

"தெரியாது பாண்டியம்மா" என்றேன். "நான் அதுக்குள்ள ஒரு நாளும் போனதில்ல."

அவள் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள போகாமலேயாண்ணே சொன்னீக?"